ம்னோங்கிலிருந்து ம்னோங்குக்கு

இருபது வருஷத்துக்கு மேலாக, வியட்நாம் மலைநாட்டின் இந்த ஏரிக்கரையில் எனக்குப் பெயர் 'அம்மாபிள்ளை'. யி ராங் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் என் வீட்டுக்கு வழி காட்ட இந்த ஊரில் ஆள் கிடையாது. அம்மாபிள்ளை வீடு எது என்று கேட்டால் நாய்கூடக் கூட்டிக்கொண்டு வந்து விடும். இதற்குக் காரணம் யி தலூங் மாமா. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று என் பெண்டாட்டி சொன்னாள். தேடிப் பார்க்கிறேன், கிடைத்தால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர் வந்த கதை. நான் மலைக்காரன். கல்யாணம் ஆனால் பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் எங்கள் வழக்கம்; அது மலையிலும் ஒன்றுதான், ஏரிக்கரையிலும் ஒன்றுதான். அப்படித்தான் நான் ஹ்லூயைக் கட்டிக்கொள்ள இறங்கி வந்தேன். நாங்களும் ம்னோங் ஜாதி, இவர்களும் ம்னோங் ஜாதி. ஆனால் இவர்கள் பேசுவதைக் கேட்டால் எங்கள் பேச்சை எடுத்து ஏரியில் ஊறப்போட்டு, பக்கத்து எடே ஜனங்களிடம் கொடுத்து உலர்த்தி வாங்கியது மாதிரி இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டால் வாய்க்குள் கூழாங்கல் உருளுகிறது என்று இவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

கல்யாணத்தன்றைக்கு ஜாடிக் கள் வைத்தார்கள்; ஜாடியில் ஊறிய அரிசிக் கள்ளை மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். ஹ்லூய் மூங்கில் குழலை என் கையில் கொடுத்தாள். எனக்கு வெட்கம். "நீ முதலில் குடி" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் மலைப்பேச்சில் வீட்டுப் பெண்ணைப் பிரியமாக 'நீ' என்று கூப்பிட ஒரு சொல் இருக்கிறது. அது இவர்கள் காதில் 'அம்மா' என்று விழும். இரண்டையும் இங்கே எழுதிக் காட்டலாம்தான், எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும், நீங்களும் சிரிப்பீர்கள், அதனால் எழுதவில்லை. 'அம்மா முதலில் குடிக்கட்டும்' என்று மாப்பிள்ளை சொன்னதாக நினைத்து என் மாமியார் எழுந்து வந்தாள். குழலைப் பிடுங்கினாள். ஜாடியின் வாயில் ஒரு மாட்டுக்கொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள், அது இறங்கும்வரை உறிஞ்சினால் ஒரு கொம்பு; ஒரு கொம்பு குடிக்க வேண்டிய இடத்தில் அவள் மூன்று கொம்பு குடித்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஹ்லூய் என்னை முறைத்தாள்.

அப்போது எங்கள் தரப்புக்கும் அவர்கள் தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தலூங் மாமா. அவரும் மலையில் பிறந்தவர்தான், என் மாமியாரின் தங்கை ஹ்போயைக் கட்டி எனக்கு முன்னாலேயே இறங்கி வந்தவர். அவருக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். 'பையன் பெண்ணைத்தான் சொன்னான்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"எங்க பையன் அப்படித்தான். அம்மா தொடாத சோத்தை அவன் தொடமாட்டான். இனிமே உங்களைத்தான் அம்மாவா நினைச்சிருக்கான்."

மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சாகும்வரை நான்தான் அவளுக்கு விறகு வெட்டினேன். அவளுக்கு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் யாரும் அம்மாபிள்ளை இல்லையே.

அப்புறம் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?"

"டேய், உண்மையைச் சொல்லியிருந்தா அவ குடிச்சது தப்புன்னு ஆயிருக்கும். மூணு கொம்பு குடிச்சவகிட்ட தப்புன்னு நீ சொல்லுவியா?"

இதுதான் அவர் தொழில்.

உலகத்தில் மற்றவர்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவார்கள். தலூங் மாமா ம்னோங்கிலிருந்து ம்னோங்குக்கு மாற்றினார். மலைக்காரன் மாடு ஏரிக்காரன் வயலில் இறங்கிவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். மேற்கே இருக்கிற இன்னொரு வகை ம்னோங்கான ப்ரே ஆட்கள் மிளகுக் கன்று விற்க வந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். தனக்கு ம்னோங்கில் எல்லா வகையும் தெரியும் என்று சொல்லிக்கொள்வார். ப்ரே ஆட்களிடம் அவர் பேசுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். நம் வார்த்தையையே மூக்கால் சொல்வார், கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பார். அவர்கள் பாவம், இவர் ஏதோ மூன்றாவது ஜாதி ம்னோங் போலிருக்கிறது என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

மாட்டுத் தகராறு ஒன்றைப் பார்த்தால்தான் அவர் வேலை புரியும். வயல்காரன் தொண்டை கிழியக் கத்துவான்: "இவன் அப்பனும் திருடன், இவன் மாடும் திருட்டு மாடு!"

தலூங் மாமா மாட்டுக்காரன் பக்கம் திரும்புவார். "உங்க குடும்பத்தை அவருக்கு ரொம்ப நாளாத் தெரியுமாம்."

மாட்டுக்காரன் பதிலுக்குக் கத்துவான்: "வேலி போட வக்கில்லாத சோம்பேறிக்கு வயல் எதுக்கு?"

"வேலி போட ஒத்தாசைக்கு வர்றேங்கிறார்."

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருக்கும் முதல் தடவை சொன்னதே புரிந்திருக்கும். திருடன் என்ற சொல் எல்லா வகை ம்னோங்கிலும் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் புரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். புரிந்தது என்று ஒத்துக்கொண்டால் எழுந்து அடிக்க வேண்டும். வெயிலில் யார் எழுந்திருப்பது? தலூங் மாமா சொன்னதைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, ஜாடியைத் திறந்து, சாயங்காலம் கட்டிப் பிடித்துக்கொண்டு போவார்கள். மாமாவுக்குக் கோழித் தொடையும், குழலில் முதல் இடமும். வாய் கூசாத பொய்க்கு இவ்வளவு நல்ல சம்பளம் வேறெங்கும் கிடையாது.

வானொலியையும் விடவில்லை. மாகாண வானொலியில் நம் மொழியில் செய்தி வாசிப்பார்கள். நம் மொழி என்றால் ப்ரே வகை. ஏரிக்காரர்கள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது எந்த நாட்டுச் செய்தி?" என்பார்கள். மாமா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வார். அவர் சொன்ன செய்தியில் மிளகு விலை ஒருநாளும் இறங்கியதில்லை. ஹ்போயின் அண்ணன் யி பூக், இன்னும் ஏறும் இன்னும் ஏறும் என்று மிளகு மூட்டையை விற்காமல் வைத்திருந்து பூசணம் பிடிக்கவிட்டார். அதற்காக அவர் தலூங் மாமாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. வானொலிக்காரன் பொய் சொல்லிவிட்டான் என்று அவனைத்தான் திட்டினார்.

இப்படி வாயால் பிழைத்த மனுஷனுக்கு வாயிலேயே வந்தது. போன மழைக்காலத் தொடக்கத்தில் வீட்டு ஏணியில் இறங்கும்போது கால் தவறிக் கீழே சாய்ந்தார். தூக்கி உட்கார வைத்தால் ஒரு பக்கம் கையும் காலும் துணியாகத் தொங்கின. வாய் கோணிப்போயிற்று. சுகாதார நிலையத்து டாக்டர் வந்து பார்த்து, ஆளை அசைக்காதீர்கள், மலைப் பாதையில் கிலைப் பாதையில் தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே போய்விடுவார் என்று சொன்னார். டாக்டர் வியட்நாம் மொழியில்தான் சொன்னார். அது எல்லாருக்கும் புரிந்தது.

புரியாமல் போனது தலூங் மாமா பேச்சு. அவர் சேர்த்து வைத்திருந்த அத்தனை வகை ம்னோங்கும் விழுந்த இடத்திலேயே கொட்டிப்போய்விட்டது. மூக்கால் பேசும் ப்ரே போயிற்று. நாற்பது வருஷமாகப் பேசிய ஏரிப்பேச்சு போயிற்று. மிஞ்சியது மலைப்பேச்சு, அதிலும் பாதி எழுத்து கோணல் வாயில் மாட்டிக்கொண்டது.

அப்போது நான் மேட்டில் காப்பித் தோட்டத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்தேன். சேதி எனக்குப் பிந்தித்தான் வந்தது. வந்து பார்த்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி கூட்டம். நடுவில் பாயில் மாமா. தலைமாட்டில் பூக் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டில் அண்ணன் சொன்னதுதான் சட்டம். அந்தச் சட்டம் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. ஹ்போய் அத்தை ஒரு மூலையில் தலூங் மாமாவின் சட்டைகளை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை, எங்க அனுப்புறீங்க?"

அத்தை அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். பூக் மாமா சொன்னார்: "மலைக்கு. அவங்க அக்கா வீட்டுக்கு. ஆள் அனுப்பியாச்சு, நாளைக்குத் தூளி கட்டித் தூக்கிட்டுப் போக வர்றாங்க."

"டாக்டர் அசைக்கக் கூடாதுன்னாராமே?"

"டாக்டர் சொல்லுவார். இவனே கேக்கறானே! மூணு நாளா வாயைத் திறந்தா 'அம்மா… அம்மா…'. ஆம்பிளை எந்த வீட்ல இருந்தாலும் அம்மா வீட்டு ஆளு. கடைசி நேரத்துல அங்கதான் போகணும்ங்கறான். தடுத்து வெச்சு அந்தப் பாவத்தை நாங்க சுமக்கணுமா?"

அதே நேரம் பாயிலிருந்து குரல் வந்தது. அந்தச் சொல்தான். என்னை இருபது வருஷம் அம்மாபிள்ளை ஆக்கிய அதே சொல்.

"கேட்டியா?" என்றார் பூக் மாமா. பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

"அவர் அம்மாவைக் கூப்பிடலை," என்றேன்.

"பின்னே?"

"அத்தையைக் கூப்பிடுறார். 'நீ, நீ'ங்கறார். அது எங்க ஊர்ல பொண்டாட்டியைக் கூப்பிடுற சொல்லு."

பூக் மாமா சிரித்தார். "ஏண்டா அம்மாபிள்ளை, நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணின கிழவன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு அழுவானா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லு."

"அதுவும் இல்லாம," என்று இன்னொருவர், "அந்தச் சொல்லுக்கு அம்மான்னு அர்த்தம்னு உன் கல்யாணத்துல தலூங்கே சொன்னான். அவனைவிட உனக்குத் தெரியுமா?"

படுத்துக் கிடக்கிற ஆளின் பொய்யே அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மலைப் பாதையில் இரண்டாவது ஆற்றைத் தாண்டுவதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவார். அப்புறம் எல்லாரும், அம்மாவைத் தேடி எவ்வளவு நிம்மதியாகப் போனான் பார் என்று பேசிக்கொள்வார்கள்.

அத்தை மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. எங்க பேச்சுலதான் கூப்பிடுவார்."

அவள் பொய் சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து அவளிடம் அவர் ஏரிப்பேச்சுதான் பேசினார். சொந்தப் பேச்சில் அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கோபமாக. நான் குனிந்து காதை வைத்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக யாரும் அதைக் கேட்கவே இல்லை, முதல் சொல்லிலேயே அழத் தொடங்கிவிடுகிறார்களே!

"என்னடா சொல்றான்? அம்மா முகத்தைப் பாக்கணும்ங்கறானா?"

"இல்ல. 'நீ மீனைக் கருக்கிட்ட'ங்கறார்."

எல்லாரும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தோம். சட்டை மடிக்கிற துக்கத்தில் அத்தை அடுப்பை மறந்துபோயிருந்தாள். கம்பியில் கோத்த ஏரி மீன் கரியாகி, புகை கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த வீட்டில் ஒருத்தருக்கும் வாசனை தெரியவில்லை.

அத்தை கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடுப்புக்குப் போகவில்லை, பாய்க்குப் போனாள். "நான்தான். இங்கதான் இருக்கேன். மீனு போனா போகுது. வேற என்ன வேணும், சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் மாற்றிக் கொடுத்தேன். தண்ணீர் வேண்டுமாம். முதுகில் பாய்க் கோரை குத்துகிறதாம், புரட்டிப் போட வேண்டுமாம். பூக் மாமா தலைமாட்டில் உட்கார்ந்து வெளிச்சத்தை மறைக்கிறாராம்.

"கடைசியா சொன்னதை நீயா சேர்த்துக்கிட்டியா?" என்றார் பூக் மாமா.

"இல்ல பெரிய மாமா. கடைசியா சொன்னதுல கொஞ்சம் நான் விட்டுட்டேன்."

அத்தை கூடையிலிருந்து சட்டைகளை வெளியே எடுத்தாள்.

ஆனால் மலைக்கு ஆள் போயாகிவிட்டது. மறுநாள் மதியம் அவர் அக்கா ஹ்ஞாங் நாலு ஆட்களோடும் தூளியோடும் ஒரு ஜாடிக் கள்ளோடும் வந்து சேர்ந்தாள். தம்பி கடைசியாகக் கூப்பிடுகிறான் என்று சேதி போயிருக்கிறது. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். வந்த பிறகு, அது மீன் விஷயம், நீங்கள் போகலாம் என்று யார் சொல்வது? நான்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. தம்பி வாயாலேயே கேட்டாள்.

"இங்கயேவா இருக்கப் போறே? இந்தத் தண்ணிக்காட்டுலயா?"

"இங்கதான்," என்றார் அவர். "அவ இங்கதானே இருக்கா."

இதை அவள் யாருடைய உதவியும் இல்லாமல் புரிந்துகொண்டாள், நம் மலைப்பேச்சுதானே. புரிந்ததால்தான் கோபம் வந்தது. ஹ்போய் அத்தை பக்கம் திரும்பி ஒரு பாட்டம் பாடினாள். எங்கள் வீட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனீர்கள், நாற்பது வருஷம் சேற்றில் உழ வைத்தீர்கள், மீன் கவுச்சியிலேயே அவன் வாய் கோணிப்போயிற்று, இப்போது எலும்பையும் தரமாட்டேன் என்கிறீர்களா என்று.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலூங் மாமாவும் பாயிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"தம்பியை இத்தனை வருஷம் வெச்சுப் பாத்துக்கிட்டீங்களேன்னு சொல்றாங்க," என்றேன்.

ஹ்போய் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?"

"மலைப்பேச்சு கொஞ்சம் நீளம், அத்தை."

அத்தை நேராக ஹ்ஞாங்கிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்க தம்பிதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா அசைச்சா வழியிலேயே போயிடுவார். உங்க கையில பொணமாத்தான் குடுக்க முடியும். இங்க இருந்தா இன்னும் நாலு நாள் என்னைத் திட்டிக்கிட்டாவது இருப்பார்."

இதை நான் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் மாற்றினேன். ஹ்ஞாங் தூளித் துணியைப் பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டச் சொன்னாள்.

அதற்கப்புறம் வழக்கப்படி நடக்க வேண்டியது. பிறந்த வீடு தன் ஆளை விட்டுக் கொடுக்கிறது என்றால் சும்மா வாயால் சொன்னால் போதாது. இரண்டு வீடும் ஒரே ஜாடியில் குடிக்க வேண்டும், யாரைப் பற்றிய பேச்சோ அவனும் தன் பங்குக்கு ஒரு கொம்பு குடிக்க வேண்டும், முடியாவிட்டால் அவனே வாய் திறந்து கேட்டுக்கொண்ட ஆள் குடிக்க வேண்டும். அப்போதுதான் அது அவன் சொன்ன சொல் ஆகும். குடிக்காவிட்டால் நாளைக்கே யாராவது வந்து, அவனுக்குச் சம்மதம் இல்லை என்று தூளியை விரிக்கலாம். ஹ்ஞாங் கொண்டு வந்த ஜாடியையே நடுவில் கட்டினார்கள். அவசரத்தில் வீட்டில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் புளிச்ச நெடி அடுப்புப் புகையையும் தாண்டி அடித்தது. ஹ்ஞாங் குடித்தாள். பூக் மாமா குடித்தார், இரண்டு தடவை தும்மினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

குழலை மாமா வாயில் வைத்தார்கள். உறிஞ்சப் பார்த்தார். கோணல் பக்கமாகக் காற்றுத்தான் போயிற்று. மறுபடி வைத்தார்கள், இரண்டு சொட்டு வந்து தாடையில் வழிந்தது. கொம்பில் ஊற்றிய தண்ணீர் ஜாடியின் வாயில் அப்படியே நின்றது, ஒரு விரல்கூட இறங்கவில்லை. மலையிலிருந்து வந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் தூளியின் முடிச்சைத் தடவினான். அத்தை வாயில் தோள் துணியை வைத்துக்கொண்டாள்.

மாமா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் போனார்; அந்த இரண்டு நாளும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததோடு சரி. அதனால் என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"என் கொம்பை நீ குடி. முழுசா இறங்கணும். மூஞ்சியைச் சுளிக்காதேடா, அக்கா பாத்துக்கிட்டிருக்கா."